அம்மா சொன்ன ஆமாங்க

என் அண்ணன் கிறிஸ்துராஜின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் அவன் படித்த படிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் ராசிபுரத்தில் வக்கீலுக்குப் படித்தவர்கள் இருந்தார்கள், வாத்தியாருக்குப் படித்தவர்கள் இருந்தார்கள். பத்திரிகையில் எழுதுவதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது, சென்னையில் பல்கலைக்கழகத்தில் அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஐம்பத்தெட்டாம் வருஷம் இவன் வந்து சொன்னபோது தெருவே சிரித்தது. ஊர் வம்பு பேசுவதற்குக்கூடவா காலேஜ் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள் பக்கத்து வீட்டுப் பொன்னாயி. அண்ணன் முறைத்தான். எனக்கு அப்போது பதினாறு வயது, அவன் பக்கம் நின்று நானும் முறைத்தேன். இன்றைக்கு யோசித்தால் பொன்னாயி கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி.

எங்கள் அப்பா சூசைமாணிக்கம் லாரி கிளீனர். நான் எட்டாவது படிக்கும்போது தொப்பூர்க் கணவாயில் லாரி உருண்டு அவர் போய்ச் சேர்ந்தார். என் படிப்பு அத்தோடு நின்றது, அண்ணன் படிப்பு நிற்கவில்லை. ஆண்பிள்ளை, தலையெடுக்க வேண்டியவன். அம்மா அன்னாள், ஊருக்கு வெளியே ராசப்பன் நடத்திய டூரிங் டாக்கீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். பெண்கள் பக்கத்து வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிற வேலை. நான் முறுக்குச் சுட்டு இடைவேளையில் கொண்டுபோய் விற்பேன். அந்தக் கீற்றுக் கொட்டகைதான் அண்ணனைச் சேலத்தில் பி.ஏ. படிக்க வைத்தது, சென்னைக்கும் அனுப்பி வைத்தது. பஸ் ஏற்றிவிடும்போது அம்மா அவன் நெற்றியில் சிலுவை போட்டு, "பத்தரமாப் போய்ட்டு வா சாமி" என்றாள். எங்களை அவள் சாமி என்றுதான் கூப்பிடுவாள். இந்தப் பக்கத்தில் பெரியவர்களும் சாமிதான், பெற்ற பிள்ளைகளும் சாமிதான்.

சென்னையில் அவன் வாயைத் திறந்தவுடன் வகுப்பே சிரித்ததாம். முதல் நாள் யாரிடமோ, "ஏனுங்க, இங்க ஹாஸ்டல் எக்கட்டால?" என்று எங்கள் பேச்சிலேயே, எந்தப் பக்கம் என்பதைக் கேட்டிருக்கிறான். அன்றிலிருந்து அவன் பெயர் கிறிஸ்துராஜ் இல்லை, 'ஏனுங்க'. சாப்பாட்டுக் கூடத்தில் ஏனுங்க, விளையாட்டு மைதானத்தில் ஏனுங்க. விரிவுரையாளர் ஒருவர் எல்லார் முன்னாலும் அவனை எழுப்பி நிறுத்தி, பத்திரிகைத் தமிழ் என்பது நாட்டுக்கே பொது, அதில் 'ங்க'வுக்கு இடம் கிடையாது, முதலில் உன் நாக்கைக் கழுவிவிட்டு வா என்றாராம். இதை அவன் ஒரே ஒரு தரம்தான் எங்களிடம் சொன்னான். சொல்லும்போது சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. பாவமாக இருந்தது எனக்கு. அந்தப் பாவத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவன்மேல் எனக்கு அது வரப்போவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நாக்கைக் கழுவிக்கொண்டுதான் வந்திருந்தான். 'வாரேன்' போய் 'வருகிறேன்' வந்திருந்தது. சும்மா இருந்தானா? எங்கள் நாக்கையும் கழுவ ஆரம்பித்தான். அம்மா "ஊட்டுக்குள்ள வா" என்றால், ஊடு இல்லையம்மா, வீடு, எங்கே சொல் பார்க்கலாம் என்பான். அம்மாவுக்கு முதலில் விளையாட்டாக இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு 'வீ...டு' என்பாள், அடுத்த நிமிஷமே "ஊட்டுல உப்பு இல்லே" என்பாள். நானும் அவளும் சிரிப்போம். அவன் சிரிக்க மாட்டான். நாலைந்து நாளில் அம்மா அவன் எதிரே பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சோறு வேண்டுமா என்பதைக்கூடக் கரண்டியைக் காட்டித்தான் கேட்டாள். பெற்றவளை வாயடைத்த படிப்பு என்ன படிப்பு என்று எனக்கு வயிறு எரிந்தது.

அவன் சொல்வதைக் கேட்க மட்டும் அவளுக்குச் சலிக்காது. ஒரு செய்தி என்றால் யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று ஆறு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டுமாம். பேசுகிறவர் பேசப் பேச அப்படியே எழுதிக்கொள்ளச் சுருக்கெழுத்து இருக்கிறதாம். வெளிநாட்டுப் படங்களைப் போட்டுக் காட்டி, ஒரு படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்றுகூட வகுப்பு எடுக்கிறார்களாம். ஒரு நாள் என்னைக் கொட்டகைக்கு அழைத்துப்போய், கதையைப் பார்க்காதே, கேமரா எங்கே நிற்கிறது பார் என்றான். ராசப்பன் அவனுக்கு ஓசியில் நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தான். அந்தக் கொட்டகையில் மூன்று வருஷமாக வேலை செய்கிற அம்மா ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை, கேமராவைப் பார்ப்பது இருக்கட்டும். அம்மா வாசலில் என்ன செய்கிறாள் என்று அவன் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அவனுக்கு ரொம்பப் பிடித்த பாடம் வேறொன்று. நிருபனுக்கு உறவு என்று யாரும் கிடையாது. இதைச் சாப்பிட உட்கார்ந்தபோது நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். அம்மா அவன் தட்டில் ரசத்தை ஊற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ பாவம், அவிங்களுக்கு ஒருத்தருமே இல்லியா சாமி?" என்றாள்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

படிப்பு முடிகிற சமயத்தில் ஒரு பெரிய தினசரி அந்த வகுப்பிலிருந்து ஒரே ஒருவனை வேலைக்கு எடுத்துக்கொள்ளப்போவதாகச் சொல்லியிருந்தது. ஆளுக்கொரு செய்தி சொந்த ஊரிலிருந்து எழுதி அனுப்ப வேண்டும், நல்லதாக இருந்தால் பேர் போட்டு அச்சடிப்பார்கள், அதை வைத்துத்தான் ஆளை எடுப்பார்கள். அவனை ஏனுங்க என்று முதலில் கூப்பிட்ட சென்னைப் பையனும் போட்டியில் இருந்தான். அவன் கைக்கு அந்த வேலை போனால் உயிரோடு இருப்பதில் அர்த்தமே இல்லை என்றான் அண்ணன். ஈஸ்டருக்கு ஊருக்கு வந்தவன் செய்தி தேடி அலைந்தான். நெய் மண்டிக்குப் போனான், பட்டுத்தறிக்காரர்களிடம் போனான். ஒன்றும் தேறவில்லை. இந்த ஊரில் எதுவுமே நடப்பதில்லை என்று திட்டிக்கொண்டு வந்து படுத்தான்.

நடந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொட்டகையில் ஆண்களுக்கு மூன்று பக்கமும் வழி. பெண்கள் பக்கத்தை மூங்கில் தட்டி வைத்து அடைத்து, ஒரே ஒரு வாசல் விட்டிருந்தான் ராசப்பன். டிக்கெட் இல்லாமல் பெண்கள் ஆள் ஏற்றிக்கொள்கிறார்கள் என்று அவனுக்குச் சந்தேகம். அதனால் படம் ஆரம்பித்ததும் வாசலைப் பூட்டிச் சாவியை டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் அவனிடமே கொடுத்துவிட வேண்டும், இடைவேளைக்குப் போய் வாங்கித் திறக்க வேண்டும், மறுபடி பூட்டிக் கொடுக்க வேண்டும். இது அவன் போட்ட சட்டம். ராசப்பன் அந்தச் சாவியை அரைஞாண் கயிற்றில் செருகிக்கொள்வான். முறுக்குத் தட்டோடு நான் தினமும் பார்த்தது இது.

ஈஸ்டர் முடிந்த வாரம். தவக்காலம் பூராவும் கொட்டகைப் பக்கமே வராத எங்கள் கோயில் பெண்களும் சேர்ந்து வந்திருந்தார்கள், நல்ல கூட்டம். சாயங்காலக் காட்சி. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். ஆண்கள் பக்கத்தில் எவனோ வீசிய பீடி கீற்றில் பற்றியது. பங்குனி வெயிலில் காய்ந்த கீற்று, காற்று வேறு. ஆண்கள் மூன்று பக்கமும் சிதறி வெளியே வந்துவிட்டார்கள். அம்மா சாவிக்காகக் கவுண்ட்டருக்கு ஓடினாள். கவுண்ட்டர் காலி. ராசப்பன் கல்லாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றிருந்தான், சாவி அவன் இடுப்பில். அம்மா திரும்பி ஓடி வந்து வெறும் கையால் மூங்கில் தட்டியைப் பிய்த்தாள். நானும் பிய்த்தேன். ஒரு ஆள் நுழைகிற ஓட்டையில் கொஞ்சம் பேர் வெளியே வந்தார்கள். மற்றவர்கள் வாசலை நம்பி வாசலிலேயே நின்று கருகிப்போனார்கள். அவர்களோடு பொன்னாயியின் மகள் சென்னியம்மாளும் போனாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தவள். மத்தியானம்தான் என்னிடம் சூடாக முறுக்கு வாங்கித் தின்றாள்.

இனி நான் சொல்லப்போவது ஒரு சொல்லைப் பற்றி. எங்கள் பக்கத்தில் பெரிய மனுஷர்கள், ஆபீஸர்கள், வெளியூர்க்காரர்கள் யாராவது ஏதாவது கேட்டால் முதலில் 'ஆமாங்க' என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவோம். ரேஷன் கடையில் அரிசி வந்துவிட்டதா என்று தாசில்தார் கேட்டால், "ஆமாங்க, இன்னும் வரலீங்க" என்பார் கடைக்காரர். உங்கள் பேச்சு காதில் விழுந்தது, உங்களுக்கு மரியாதை, இதோ சொல்கிறேன் என்பதுதான் அந்த ஆமாங்கவுக்கு அர்த்தம். விஷயம் அதற்குப் பின்னால்தான் வரும். இது எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரியும். அண்ணனுக்குத் தெரியாதா?

மறுநாள் காலை அவன் முதலில் ராசப்பனைப் பார்த்துவிட்டு வந்தான். ராசப்பன் காப்பி கொடுத்து, கண்ணீர் விட்டு, சாவி எப்போதும் வாசல்காரியிடம்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வந்த அண்ணன் முகம் கழுவி, சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டு, பெல்ட் போட்டுக்கொண்டான். அம்மா இரண்டு கையிலும் வாழைக்குருத்தைச் சுற்றிக்கொண்டு சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். நகங்கள் போய்விட்டிருந்தன. அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பென்சிலை எடுத்தான்.

"காட்சி ஆரம்பித்ததும் பெண்கள் வாசலைப் பூட்டுவது உங்கள் வேலைதானே?" என்று கேட்டான்.

'உங்கள்' என்றான். பிறந்ததிலிருந்து அவளை 'நீ' என்று கூப்பிட்டவன். அம்மா அவன் பெல்ட்டைப் பார்த்தாள், பென்சிலைப் பார்த்தாள், ஒட்டியிருந்த முதுகைச் சுவரிலிருந்து எடுத்து நேராக உட்கார்ந்தாள்.

"ஆமாங்க" என்றாள்.

பெற்ற மகனைப் பார்த்து ஒரு தாய் 'ங்க' போட்டு நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. நேற்றும் நீங்கள்தான் பூட்டினீர்களா என்றான். அதற்கும் ஆமாங்க. பென்சில் ஓடியது.

"சாவி உங்கள் பொறுப்பில்தான் இருந்தது, இல்லையா?"

"ஆமாங்க" என்றாள் அம்மா. அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள். "அது வந்துங்க, படம் போட்டாச்சுன்னா..."

அண்ணன் எழுந்துவிட்டான். பத்து மணிக்குச் சேலம் பஸ், அங்கே போய்த் தந்தி அடிக்க வேண்டும். நான் வழியை மறித்தேன்.

"அண்ணா, அம்மா இன்னும் சொல்லி முடிக்கலை."

"கிடைக்க வேண்டியது கிடைச்சாச்சு ஞானம்" என்றான். என்னை ஒதுக்கிவிட்டுப் படியிறங்கிப் போனான். அம்மா சொல்ல வந்ததை என்னிடம் சொல்லி முடித்தாள். எனக்குத்தான் அது முன்னாலேயே தெரியுமே.

இரண்டு நாள் கழித்துப் பத்திரிகை வந்தது. 'நமது விசேஷ நிருபர் கிறிஸ்துராஜ்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆறு கேள்விக்கும் அதில் பதில் இருந்தது. யார் என்ற கேள்விக்குப் பதில், அன்னாள், வயது நாற்பத்திரண்டு. சாவி தன் பொறுப்பில் இருந்ததை ஆம் என்று அவர் ஒப்புக்கொண்டார் என்று கடைசி வரி. அவள் தன் தாய் என்று மட்டும் எழுதவில்லை. நிருபனுக்குத்தான் உறவு கிடையாதே. அன்று சாயங்காலம் போலீஸ் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது. அதே வாரம் அண்ணனுக்கு வேலை உத்தரவு வந்தது.

பொன்னாயி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று அடுப்புச் சாம்பலை வாரி வீசினாள். தினமும் வீசினாள். நான் கூட்டிப் பெருக்குவேன், அவள் மறுபடி வீசுவாள். அவளோடு சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. சாவி ராசப்பனிடம் இருந்தது என்று ஒரு நாள் சொன்னேன். பேப்பரில் போட்டிருக்கிறதே என்றாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

கேஸ் நடந்தது. எங்கள் கோயில் சாமியார் ஒரு சின்ன வக்கீலை அம்மாவுக்காக ஏற்பாடு செய்து கொடுத்தார். நான் சாட்சிக் கூண்டில் ஏறி, சாவியை முதலாளியிடம் கொடுத்ததைப் பார்த்தேன் என்றேன். தாய்க்கு மகள் வேறு எப்படிச் சொல்வாள் என்று சர்க்கார் வக்கீல் ஒரே வார்த்தையில் என்னைக் கீழே இறக்கிவிட்டார். ராசப்பன் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தான். அடுத்து அண்ணனைக் கூப்பிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கோர்ட் வராந்தாவில் அவன் சட்டையைப் பிடித்தேன். அவனுக்குப் பக்கத்தில் அந்தத் தினசரியிலிருந்து வந்த ஒரு பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவரைக் கடந்து தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஆமாங்கன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்" என்றான் மெதுவாக. "அதை நான் இங்கே சொன்னா, நான் எழுதினது பொய்ன்னு ஆயிடும். அதுக்கப்புறம் ஒருத்தனும் என் பேரை அச்சுல போட மாட்டான்."

"அம்மா ஜெயிலுக்குப் போயிரும்."

"ஒரு அபராதத்தோட விட்ருவாங்க" என்றான். அவனே அதை நம்பவில்லை என்று அவன் கண்ணில் தெரிந்தது.

கூண்டில் ஏறினான். அம்மாவின் வக்கீல் சின்னவராக இருந்தாலும் திருச்செங்கோட்டுக்காரர், விஷயம் தெரிந்தவர். சாட்சி யாருடைய மகன் என்று முதலில் கேட்டார். அன்னாளின் மகன் என்றான். கோர்ட்டில் ஒரு சலசலப்பு. வக்கீல் அதை நல்லதென்று நினைத்துத்தான் கேட்டார், ஆனால் மாஜிஸ்டிரேட் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் பேச்சு பழகாதவர். பெற்ற மகனே தாய்க்கு விரோதமாகச் சொல்கிறான் என்றால் அது எப்படிப் பொய்யாக இருக்கும் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. மகள் சொன்னால் பாசம், மகன் சொன்னால் சத்தியம். அப்புறம் வக்கீல் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"உங்கள் ஊரில் ஆமாங்க என்றால் ஆம் என்றுதான் அர்த்தமா?"

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா குற்றவாளிக் கூண்டில் கைகளைக் கூப்பியபடி நின்றிருந்தாள். காயம் ஆறி விரல்கள் வளைந்துபோயிருந்ததால் அந்தக் கும்பிடு சரியாகச் சேரவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த தினசரிக்காரரையும் அவன் பார்த்தான். சொல்லிவிடுடா, சொல்லிவிடுடா என்று உள்ளுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"தமிழில் ஆமாங்க என்றால் ஆம் என்றுதான் பொருள்" என்றான். ஒரு 'ங்க' இல்லாத சுத்தமான தமிழ். அவனுடைய விரிவுரையாளர் கேட்டிருந்தால் பூரித்துப்போயிருப்பார்.

மாஜிஸ்டிரேட் அம்மாவைப் பார்த்து, உன் மகன் சொன்னது காதில் விழுந்ததா, அவன் சொல்வது சரிதானே என்றார். அம்மா பாவி என்ன செய்வாள்? அத்தனை பெரிய மனுஷர் கேட்கிறார்.

"ஆமாங்க" என்றாள். "அது வந்துங்க..."

அதற்குள் குமாஸ்தா எழுதி முடித்துவிட்டான். வக்கீல் எழுந்து என்னவோ ஆட்சேபித்தார். உட்காருங்கள் என்றார்கள். ஒரு வருஷம் கடுங்காவல். ராசப்பனுக்குக் கீற்றுக் கொட்டகையைச் சரியாகப் பராமரிக்காததற்கு அபராதம். அவன் அதே இடத்தில் தகரக் கூரை போட்டு, முன்னைவிடப் பெரிதாகக் கொட்டகை கட்டினான். பெண்கள் பக்கத்துக்கு மறுபடியும் ஒரே வாசல்தான் வைத்தான். ஊர் ஜனம் போய்ப் பார்த்தது.

வேலூர் ஜெயிலுக்கு மனுப் போட்டு நான் மூன்று தடவை போய் அம்மாவைப் பார்த்தேன். அண்ணன் போகவில்லை. பணி நெருக்கடியாம். அம்மா ஒவ்வொரு தடவையும் அவன் சாப்பிட்டானா, இளைத்துவிட்டானா என்றுதான் கேட்டாள். அதைக் கேட்டு எனக்கு அவள்மேல்தான் ஆத்திரம் வந்தது. கடைசித் தடவை அவள் அதையும் கேட்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. விடுதலையாகி வந்தவள் முன்பு பேசியதில் கால்வாசிகூடப் பேசவில்லை. விரல்கள் வளைந்தே நின்றுவிட்டதால் முறுக்குப் பிழிய வராது, எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்து வெந்ததைக் கரண்டியால் எடுத்துப் போடுவாள். பொன்னாயி சாம்பல் வீசுவதை நிறுத்தியிருந்தாள், ஆனால் சாகும்வரை எங்கள் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. ஜெயிலுக்குப் போனவள் மகளை யார் கட்டுவார்கள்? வந்த இரண்டு வரனும் பாதி வழியில் திரும்பிவிட்டது. நான் பஸ் ஸ்டாண்டில் முறுக்குக் கடை போட்டேன். முறுக்கு மடிக்கப் பழைய பேப்பர் வாங்கும்போது அண்ணன் பேர் இருக்கிற பக்கங்களைத் தனியாக எடுத்து வைப்பேன். அதில்தான் முதலில் மடிப்பேன்.

அவன் நன்றாக இருந்தான். நிருபர், தலைமை நிருபர், கடைசியில் அதே பல்கலைக்கழகத்தில் அதே படிப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவன். இதெல்லாம் பேப்பரில் படித்துத் தெரிந்ததுதான். எழுபத்தொன்பதில் ஒரு நாள் காலை எங்கள் வாசலில் வேன் ஒன்று வந்து நின்றது. அண்ணன் இறங்கினான், தலை நரைத்திருந்தது. பின்னாலேயே ஏழெட்டு மாணவர்கள், இரண்டு பெண் பிள்ளைகள் உட்பட, பென்சிலும் கையுமாக இறங்கினார்கள். நேரில் போய்ச் செய்தி சேகரிக்கிற பயிற்சியாம். நெய் மண்டி, பட்டுத்தறி எல்லாம் பார்த்துவிட்டு வருகிறார்களாம். இருபது வருஷம் கழித்துப் பெற்றவளைப் பார்க்க வந்தவன், வகுப்பைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து நின்றாள். மாணவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் கதை முன்னாலேயே தெரிந்திருந்தது. அதை அவன் வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறானாம், நிருபனுக்கு உறவு கிடையாது என்ற பாடத்துக்கு உதாரணமாக. ஒரு பெண் பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டாள், உங்கள் மகன் எழுதியதில் உங்களுக்குப் பெருமைதானே என்று. அம்மா சட்டிக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே, "ஆமாங்க" என்றாள். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். எனக்குக் கொதிக்கிற எண்ணெயைத் தூக்கி ஊற்றலாமா என்றிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போதுதான் அண்ணனைப் பார்த்தேன். அவன் முகம் செத்துப்போயிருந்தது. அந்தச் சொல்லை அவன் கேட்டுப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

மாணவர்களை வேனில் போய் உட்காரச் சொன்னான். நாற்காலி இருந்தது, அதில் உட்காரவில்லை. பேன்ட் மடிய, அம்மா காலடியில் தரையில் உட்கார்ந்தான். கழுவி வைத்திருந்த நாக்கு குழறியது.

"ஏம்மா," என்றான், "என்னைய மன்னிச்சுப்போட்டியா?"

அம்மா அவனைப் பார்த்தாள். சாமி என்று கூப்பிடப்போகிறாள் என்று நினைத்தேன். இத்தனை ஆத்திரத்திலும் எனக்கே அது வேண்டியிருந்தது.

"ஆமாங்க" என்றாள்.

அவன் காத்திருந்தான். விஷயம் அதற்குப் பின்னால்தான் வரும் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளியே வேன்காரன் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். அவன் அசையாமல் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா திரும்பி, சட்டியில் கருகிக்கொண்டிருந்த முறுக்கைக் கரண்டியால் எடுத்துத் தட்டில் போட்டாள். அதற்கப்புறம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.